பாலை மரமும் பசையும்: முற்றத்தில் கிடக்கப்போகும் ஒரு வாங்குக்காக

நான் செய்துபோட்ட மரவாங்கு மழையில் உடையவில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை திருகோணமலை, உப்புவெளி வீட்டு முற்றத்தில் நனைந்து நனைந்து நின்றது. ஒரு அசைவும் இல்லை. தை பிறந்து வெயில் ஏறி இரண்டு கிழமை போனபிறகு, ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு அதில் இருந்தேன். காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். எழும்பிப் பார்த்தால் முன்காலும் குறுக்குச் சட்டமும் சேருமிடத்தில் ஒரு நூலிழை இடைவெளி. மறுநாள் அது விரல்நகம் புகும் அளவு. மூன்றாம் நாள் கால் கையோடு வந்துவிட்டது.

மரத்தில் குறை சொல்ல வழியில்லை. இடித்த பழைய வீடொன்றில் இருந்து வாங்கிய பாலைத் தீராந்தி. வாளின் பல்லைத் தின்று தீர்த்த வைரம். பசையும் கடையில் நல்லது என்று கேட்டு வாங்கியதுதான். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் வயதான ஓடாவியாரிடம் அந்தக் காலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பசையின் பெயரைக் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"தம்பி, பசை எந்தப் பக்கம் நிக்குது எண்டு பாருங்கோ."

பார்த்தேன். பசை முழுவதும் ஒரு பக்கத்திலேயே, மெல்லிய பிளாஸ்டிக் தாள்போலப் படிந்திருந்தது. மறுபக்கம் பசையே படாததுபோலச் சுத்தமாக, கொஞ்சம் மினுங்கிக்கொண்டு இருந்தது.

"ஒட்டேல்லை. காய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் விரிவுதான். பசை காய்வது வேறு, ஒட்டுவது வேறு. பலா, மலைவேம்பு போன்ற இளகிய மரங்களில் இரண்டும் சேர்ந்தே நடந்துவிடுவதால் வேற்றுமை கண்ணில் படாது. பாலை, முதிரை, சாவண்டலை போன்ற கனத்த மரங்களில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

பிரிந்த பொருத்தைப் படிப்பதுதான் இதில் முதற்பாடம். மூன்று விதமாகப் பிரியலாம். பசைக்கோட்டின் இரு பக்கமும் மரநார் பிய்ந்து, சொரசொரப்பாக, ஒரு பக்கத்து மரம் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. மரம்தான் முதலில் கிழிந்தது. அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னுடையதுபோல ஒரு பக்கம் வழுவழுப்பாக உரிந்திருந்தால் பசை அந்த முகத்தைப் பற்றவே இல்லை. இரு பக்கமும் பசையே காணாமல் வெறும் கறைபோல இருந்தால், இறுக்கிய இறுக்கில் பசை எல்லாம் வெளியே பிதுங்கிப் போயிருக்கும், அல்லது போட்டதே போதாமல் இருந்திருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதையும் பார்க்காமல் "இந்தப் பசை கூடாது, வேறு பசை வாங்குவம்" என்று கடைக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அதைத்தான் செய்யப் போயிருப்பேன்.

பசை எப்படி ஒட்டுகிறது?

மரத்தை ஒரு வைக்கோல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வைக்கோலும் உள்ளே பொள்ளலான குழாய். மரத்தின் நாரும் அப்படித்தான், நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்கள். பலகையைச் சீவும்போது மேற்பரப்பில் உள்ள குழாய்கள் பிளந்து வாய் திறந்து கிடக்கும். நீர்த்தன்மையோடு இருக்கும் பசை அந்த வாய்களுக்குள் இறங்கி, அங்கேயே இறுகி, ஆயிரக்கணக்கான நுண்வேர்களை விட்டதுபோல மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு மரத்தின் செலுலோசுக்கும் பசையின் மூலக்கூறுகளுக்கும் இடையில் ஒரு ஈர்ப்பும் உண்டு. ஆனால் பசை மரத்தை நனைத்தால்தான், அதாவது தாமரை இலையில் தண்ணீர்போல உருண்டு நிற்காமல் பரவி ஒட்டினால்தான், அந்த ஈர்ப்பு வேலை செய்யும். நனைதல் இல்லாமல் ஒட்டுதல் இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. எந்த மரமானாலும் அதன் குழாய்ச் சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: கன மீற்றருக்கு 1500 கிலோ. தேக்கு இலேசாகவும் பாலை கனமாகவும் இருப்பதற்குக் காரணம் சுவர் அல்ல, பொள்ளல். காய்ந்த தேக்கு கன மீற்றருக்குச் சுமார் 650 கிலோ. அப்படியானால் அதில் பாதிக்கு மேல், 57% அளவு, வெற்றிடம். பாலை 1000 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் போட்டால் தாழும். அதில் வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். குழாய்ச் சுவர் தடிப்பு, உள்வாய் ஊசித்துளை. தேக்கில் பல அடுக்கு ஆழம் இறங்கக்கூடிய பசை, பாலையில் மேலடுக்கு ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறது. வேர்விட இடமில்லை.

இதற்கு மேலே ஒரு தொல்லை. இந்த மரங்கள் நூறாண்டு நின்றாலும் கறையான் தின்னாமல் இருப்பதற்குக் காரணம் வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய், பிசின், மெழுகு வகைகள். சீவிப் போட்ட பலகை வெறுமனே கிடந்தாலே அவை மெல்ல மெல்ல மேலே வந்து படரும். வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பும் தன் உயிர்ப்பை இழக்கும். கண்ணுக்கு அந்தப் பலகை நேற்றுப் போலத்தான் இருக்கும், பசைக்கு மட்டும் அது எண்ணெய் பூசிய தட்டு. தீராந்தியை மரக்காலையில் கொடுத்துச் சீவி எடுத்துவந்து, சாமான்கள் எல்லாம் சேரட்டும் என்று மூன்று கிழமை விறாந்தையில் சாத்தி வைத்திருந்தேன். ஓடாவியார் மினுங்கல் என்று காட்டியது அந்த மூன்று கிழமையை.

ஒரு சொட்டுத் தண்ணீர்

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. பழைய முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பக்கத்திலேயே சீவுளியால் இரண்டு இழுப்பு இழுத்து, புதிதாகத் திறந்த இடத்தில் இன்னொரு சொட்டு. பழைய முகத்தில் சொட்டு முத்துப்போலத் திரண்டு நிற்கும். புது முகத்தில் ஒரு நிமிடத்துக்குள் பரந்து, மெல்ல உள்ளே இழுபடும். முத்து நிற்கும் இடத்தில் பசையும் முத்தாகத்தான் நிற்கும். நான் இப்போது ஒவ்வொரு பொருத்துக்கும் இதைச் செய்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆகவே ஒட்டப்போகும் அன்றைக்கே ஒட்டப்போகும் முகத்தைச் சீவ வேண்டும். ஒரு நாளைத் தாண்டவிடக் கூடாது. சீவுளி அலகு கூராக இருப்பது இங்கே அழகுக்காக அல்ல. மழுங்கிய அலகு குழாய்களைப் பிளக்காது, நசுக்கி மூடும். நசுங்கிய முகம் கண்ணாடிபோலப் பளபளக்கும், கைக்குச் சுகமாக இருக்கும், பசைக்கு எதுவும் கொடுக்காது. மின்சீவுளியில் மரம் கருகிய மணம் வந்தால் அந்த முகத்தை நம்பாதீர்கள். சீவுளி பிடிக்கத் தெரியாதவர்கள் 80 ஆம் இலக்க மண்கடதாசியால் நார் போகும் திசையில் தேய்த்து, தூளை முழுவதும் தட்டித் துடைத்துவிட்டு ஒட்டலாம். 240, 320 என்று நைசாகத் தேய்ப்பது பொலிஷ் அடிப்பவரின் வேலை.

எண்ணெய் கூடிய மரத்துக்கு இன்னொரு படி உண்டு: சுத்தமான வெள்ளைத் துணியில் அசிட்டோனை நனைத்துத் துடைப்பது. துணியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை ஏறும். கறை குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, சில நிமிடம் ஆவியாகவிட்டு, உடனே ஒட்டுங்கள். துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே வந்துவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்திலும் அசிட்டோன்தானே என்று அதை எடுக்க வேண்டாம், அதில் நகத்துக்காக எண்ணெய் கலந்திருப்பார்கள். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பில்லாத திறந்த இடம் வேண்டும், துணியை வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

முதிரையோடு வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் தூள் பலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் கிளப்பும். முகமூடியும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்க்காதீர்கள். இந்த மரங்களை வாங்கும்போது அனுமதிப்பத்திரம் கேட்பதும் வேலையின் ஒரு பகுதிதான். நாங்கள் பெரும்பாலும் பழைய வீட்டு மரத்தைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நன்றாகக் காய்ந்திருப்பது மற்றது. ஆனால் பழைய வள்ளத்துப் பலகையை மட்டும் ஒட்டுவேலைக்கு எடுக்காதீர்கள். உப்பு ஊறிய மரம் காற்றின் ஈரத்தை ஓயாமல் இழுக்கும்.

மரம் மூச்சு விடுகிறது

முகத்தைச் சரியாகச் சீவி, சரியான பசையைப் போட்டிருந்தால் என் வாங்கு தப்பியிருக்குமா? இரண்டாம் வருடம்வரை வந்திருக்கலாம். பொருத்தை நான் அமைத்த விதத்திலேயே இன்னொரு பிழை இருந்தது. அதைப் புரிந்துகொள்ளத் திருகோணமலையின் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாடை மாரி நமக்கு ஐப்பசி, கார்த்திகை தொட்டுத் தை வரை. அந்தக் காலத்தில் உப்புப் போத்தலில் தண்ணீர் நிற்கும், கதவுகள் நிலையில் இறுகும். வைகாசிக்குப் பிறகு கச்சான் எழும்பும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு, சூடேறி மேற்கிலிருந்து இறங்கும் காற்று. உதடு வெடிக்கும், அதே கதவு கடகடவென்று ஆடும். காற்றின் ஈரப்பதன் 60% ஆக இருந்தால் மரம் தனக்குள் ஏறக்குறைய 11% ஈரத்தோடு சமநிலைக்கு வரும். 80% ஐத் தாண்டினால் 16, 17% வரை போகும். இது நிழலில் நிற்கும் மரத்துக்கு. மழையில் நேரே நனைவதற்குக் கணக்கு இன்னும் கூடும்.

ஈரம் ஏறினால் மரம் பருக்கும், இறங்கினால் சுருங்கும். இது எல்லாத் திசையிலும் ஒன்றாக நடப்பதில்லை என்பதுதான் முக்கியம். நாரின் நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. அகலவாக்கில் உண்டு. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிப்போகும் திசையில் மாற்றம் அதிகம், வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையில் ஏறக்குறைய அதில் பாதி. தேக்கு பெயர்பெற்ற சாதுவான மரம்: ஈரம் 1% மாறினால் அகலம் சுமார் 0.19% மாறும். கனத்த மரங்களில் இது 0.3% அளவுக்கு வரலாம். 20 சென்ரிமீற்றர் அகலப் பலகை, கச்சானில் 11%, மாரியில் 17%. தேக்கென்றால் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், கனத்த மரமென்றால் மூன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு விரிந்து சுருங்கும். வருடத்துக்கு ஒரு தரம் பெரிய மூச்சு, ஒவ்வொரு நாளும் வெயிலுக்கும் பனிக்கும் இடையில் சிறு மூச்சு.

தூரத்தைவிட விசைதான் பயங்கரம். இளகிய மரம் பருக்கும்போது தடுத்தால் அது தனக்குள்ளேயே கொஞ்சம் நசுங்கிக்கொடுக்கும். பாலைக்குள் நசுங்க இடமில்லை என்பதை மேலே கணக்கில் பார்த்தோம். அந்த விசை முழுவதும் பசைக்கோட்டில் வந்து விழுகிறது. பழங்காலத்தில் கருங்கல்லைப் பிளக்கக் குழிகளில் காய்ந்த மரஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே விசைதான். நாம் ஒரு கடதாசித் தடிப்புப் பசையைக் கொண்டு அதைத் தடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

என் பிழை இதுதான். அகலமான காலின் முகத்தில், குறுக்குச் சட்டத்தின் வெட்டுமுகத்தை முட்டவைத்து, பசை பூசி, இரண்டு ஆணி அறைந்திருந்தேன். வெட்டுமுகம் என்பது வைக்கோல் கட்டை வாளால் அறுத்த முகம். குழாய்கள் பசையை உள்ளே உறிஞ்சிவிடும், மேலே ஒன்றும் மிஞ்சாது. அது பற்றினாலும், கால் அகலவாக்கில் விரியும் திசையில் சட்டம் நீளவாக்கில் நின்று ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காது. ஒன்று இழுக்கிறது, மற்றது நிற்கிறது. மாரி முழுவதும் பருத்து நின்றதால் இறுக்கமாகத் தெரிந்தது. காயத் தொடங்கியதும் கணக்குத் தீர்ந்தது.

ஆகவே பசையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பலகையின் நீளநார் முகங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் பொருந்தும்போது இரண்டும் ஒன்றாகவே மூச்சு விடும். அங்கே பசை முழுப்பலம். தடித்த கால் வேண்டுமென்றால் இரண்டு அங்குலப் பலகைகளை இப்படி ஒட்டிச் சேர்க்கலாம், ஆனால் ஒரே மரமாக இருக்க வேண்டும். தேக்கையும் பாலையையும் வண்ணம் சேர்க்கிறோம் என்று ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் விரியும். குறுக்கே சேரும் இடத்தில் துளை தோண்டி நாக்குப் புகுத்தும் பழைய முறையை விட்டால் வழியில்லை. துளையின் பக்கச் சுவரும் நாக்கின் கன்னமும் சேரும் முகம் பெரிதாகக் கிடைக்கும். நாக்கைச் சிறிதாக, 5, 6 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் வைத்தால் குறுக்கு மூச்சு சில்லறை அளவில் அடங்கும். அதன் மேல் ஒரு மரஆணி. நாக்கில் உள்ள ஓட்டையை ஒன்றரை மில்லிமீற்றர் தோளின் (நாக்குத் தொடங்கும் படியின்) பக்கமாகத் தள்ளித் துளைத்துவிட்டு ஆணியை அடித்தால், ஆணி வளைந்து புகுந்து பொருத்தைத் தானே இழுத்து இறுக்கும். பசை நாளைக்குக் கைவிட்டாலும் வாங்கு நிற்கும். ஓடாவியாரிடம் கேட்டால் பசை என்பது இந்த ஆணிக்கு உதவியாள்.

இருக்கும் பலகையை ஒட்டவே ஒட்டாதீர்கள். அகலமான ஒரே தட்டாகச் சேர்க்காமல், சிலாகைகளாக 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, கறள் பிடிக்காத எஃகுத் திருகாணியால் பூட்டுங்கள். தண்ணீரும் வழிந்தோடும், மரமும் மூச்சு விடும். கடற்காற்றில் சாதாரண இரும்பாணி ஒரு மாரியில் கறளாகி, மரத்தைச் சுற்றிக் கருப்புக் கறை ஓடவிடும். பாலையில் திருகாணிக்கு முன்துளை இல்லையென்றால் ஒன்று ஆணி முறியும், அல்லது பலகை பிளக்கும்.

நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் மரம் ஒன்று உண்டு. சாவண்டலையை ஆங்கிலேயர் 'ட்ரிங்கோமலி வுட்' என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையில் அலையை உடைத்து ஆளையும் சரக்கையும் ஏற்றிய மசுலாப் படகுகளுக்கு அந்த மரம் போனது. அந்தப் படகின் பலகைகளை ஆணி அறைந்து சேர்க்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை அடிக்கும்போது படகு நெளிந்து கொடுக்கும். கனத்த மரத்தை அசையாமல் கட்டிப்போட முடியாது என்பது அந்தத் தையற்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எந்தப் பசை?

இதைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றே. ஹாட்வெயாரில் 'பைண்டர் கம்' என்று கேட்டால் தரும் வெள்ளைப் பசை பொலிவினைல் அசிற்றேற்று வகை. வீட்டுக்குள் அலுமாரிக்கு அருமையானது. தண்ணீர் பட்டால் மறுபடியும் இளகும், வெயிற்சூட்டில் மெல்ல வழுகும். முற்றத்துக்கு ஆகாது. அதே குடும்பத்தில் நீர்தாங்கும் வகைகளும் உண்டு, போத்தலில் டி3, டி4 என்று போட்டிருக்கும். ஐரோப்பியத் தர அளவில் டி3 என்றால் ஒட்டிய துண்டை 4 நாள் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பார்த்தது. டி4 க்கு அதைவிடக் கடுமையான அளவுகோலோடு 6 மணிநேரக் கொதிநீரும் உண்டு. கூரையுள்ள விறாந்தைக்கு டி3 போதும். திறந்த முற்றத்துக்கு டி4, அதுவும் மரத்துக்கு மேற்பூச்சு இருந்தால்.

பொலியூரிதேன் பசை ஈரத்தைக் குடித்து இறுகுகிறது. நன்றாகக் காய்ந்த மரத்தில் ஒரு முகத்தை ஈரத்துணியால் இலேசாகத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். நுரைத்துப் பொங்கி வெளியே வரும். பொங்கிய நுரை இடைவெளியை நிரப்பிவிட்டது என்று மகிழாதீர்கள், நுரைக்குப் பலம் கிடையாது. கையில் பட்டால் தோல் உரிந்துதான் போகும்.

இரண்டு குழம்பைக் கலக்கும் எபொக்சிதான் கனத்த, எண்ணெய்ப்பிடிப்பான மரத்துக்கு என் தெரிவு. அது தண்ணீர் வற்றி இறுகுவதில்லை, தனக்குள் வினைபுரிந்து இறுகுகிறது. ஆகவே மரம் உறிஞ்சாவிட்டாலும் கவலையில்லை, சிறு இடைவெளியையும் பலத்தோடு நிரப்பும். முதலில் வெறும் குழம்பை இரு முகத்திலும் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு மிகநைசான மரத்தூள் கலந்து தேன்போலத் தடிப்பாக்கிய குழம்பைப் பூசிப் பொருத்துவேன். ஐந்து நிமிட அவசர வகையை எடுக்காதீர்கள், அதற்கு நீர் தாங்கும் குணம் குறைவு. மெதுவாக இறுகும் வகை வேண்டும். நம் வெக்கையில் அதுவும் ஓடும். வெப்பம் 10 பாகை கூடினால் கையில் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோப்பைக்குள் குவித்து வைத்தால் தானே சூடேறிப் புகைக்கும், அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். நான் காலை ஆறரைக்கு ஒட்டுகிறேன். எபொக்சிக்கு இரண்டு பலவீனம்: 50, 60 பாகைச் சூட்டில் பல வகைகள் இளகத் தொடங்கும், வெயில் நேரே பட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்பாகும். சித்திரை வெயிலில் கருமையான மரம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். மரஆணி என்று மேலே நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகவும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கென்றே. ஃபைபர் படகு வேலை நடக்கும் இடங்களில் 'ரெசின்' என்று மலிவாகக் கிடைப்பது பொலியெஸ்டர். அதுவும் இரண்டு குழம்பு, அதுவும் இறுகும், பார்க்க ஒன்றுபோல இருக்கும். கண்ணாடி நாரோடு படகு கட்ட அது சரி. மரத்தை, அதுவும் எண்ணெய் மரத்தை ஒட்ட அது பசையே அல்ல. ரெசின் என்று பொதுவாகக் கேட்காமல் எபொக்சி என்று கேட்டு, அதோடு கலக்கும் 'இறுக்கி'க் குழம்பும் அதற்குரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

பசையை நம்பி உயிரையே வைத்த கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியரின் மொஸ்கிட்டோ விமானம் ஒட்டுப்பலகையும் பசையுமாகக் கட்டப்பட்டது. தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை, பிறகு செயற்கைப் பிசின். நம் திருகோணமலைச் சீனக்குடாவில் போர்விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1944 இன் கடைசியில், இந்தியாவில் நின்ற மொஸ்கிட்டோக்களின் இறக்கைகள் பறப்பில் பிரிந்ததால் அவற்றை நிறுத்திவைத்து ஒட்டிய பொருத்துகளைச் சோதிக்க வேண்டி வந்தது.

இறுக்குவதைப் பற்றி. வெள்ளைப் பசைக் குடும்பத்துக்குக் கனத்த மரத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 12 முதல் 17 கிலோ அழுத்தம் வேண்டும். 5 க்கு 10 சென்ரிமீற்றர் முகம் என்றால் 600 கிலோவுக்கு மேல். கயிற்றை முறுக்கியோ சைக்கிள் டியூப்பைச் சுற்றியோ இது வராது. நல்ல ஜி-கிளாம்ப் இரண்டு வேண்டும், அல்லது கட்டைகளுக்கிடையில் எதிரெதிராக அடிக்கும் ஆப்பு. எபொக்சிக்கு நேரெதிர்: முகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். பலமாக இறுக்கினால் எல்லாம் பிதுங்கி, வெறும் கறைதான் மிஞ்சும். அதற்கு டியூப்பே தாராளம்.

மரம் காய்ந்ததா என்று தெரிய மானி வேண்டியதில்லை. ஒரு சிறு துண்டை சமையலறைத் தராசில் நிறுங்கள், 66 கிராம் என்று வைப்போம். 100 பாகைக்குச் சற்று மேலான சூட்டில் 'அவன்' அடுப்பில், நிறை மேலும் குறையாது என்னும்வரை காயவைத்து மறுபடியும் நிறுங்கள், 58 கிராம். போனது 8. அதை 58 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14%. நம் ஊரில் வெளியே நிற்கப்போகும் சாமானுக்கு 12 முதல் 14 வரை நல்லது. கச்சான் காலத்தில் வேலை செய்தால் இந்த எண் தானே கிடைக்கும். மாரியில் ஒட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

கால்களின் அடியை மறக்க வேண்டாம். அது வெட்டுமுகம், முற்றத்துத் தண்ணீரை வைக்கோல்போல உறிஞ்சும். ஒட்டி முடித்து மிஞ்சும் எபொக்சியை அங்கே இரண்டு மூன்று தரம் பூசிவிடுங்கள். மாரி ஈரத்தில் இறுகிய எபொக்சியின் மேல் சிலவேளை மெழுகுபோல ஒரு படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் நம்பிக்கை வரவில்லையா? அதே மரத்தில், அதே பசையில், அதே நாளில் இரண்டு துண்டுகளை ஒட்டுங்கள். ஒரு கிழமை விட்டு, தண்ணீரில் போட்டு நான்கு மணிநேரம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் கொதிக்கவையுங்கள். பிறகு பசைக்கோட்டில் உளியை வைத்து அடியுங்கள். நார் பிய்ந்து வந்தால் வாங்கைத் தொடங்கலாம், வழுவழுவென்று உரிந்தால் சீவுளிக்குத் திரும்புங்கள். என் முதல் மூன்று துண்டும் உரிந்தன. நான்காவதில்தான் ஒரு பக்கத்து நார் மறுபக்கத்தில் ஒட்டி நின்றது. அதற்குள் பாலைச் சாயம் ஏறி, எபொக்சி மணம் போகாமல், அம்மாவின் பழைய இடியப்பச் சட்டி தச்சுப் பட்டறைக்குச் சொந்தமாகிவிட்டது. நீங்கள் முதலிலேயே ஒரு பழைய பால்மா டின்னை எடுத்துக்கொள்ளுங்கள்.